பச்சை மருந்தைக் குடிக்காதவள்

ருடேடே
3 ஜூன் 2009

நர்ஸ் அப்வூலிக்கு,

போன வியாழக்கிழமை உன்னிடம் பொய் சொன்னேன். "மருந்து ஒழுங்கா குடிக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டாய். தலையாட்டினேன். ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. அந்தப் பச்சை மருந்தில் பாதி வாழை மரத்தடியில் போயிற்று. வலியில் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன். அன்று என் வீட்டுக்காரர் டெயுஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், அவர் முன்னால் உன்னிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

பயமாக இருக்கிறது. என் அண்ணனுக்கும் இதைத்தான் கொடுத்தார்கள். ஆறாம் நாள் போய்விட்டார். ஆஸ்பத்திரி கைவிட்டவர்களுக்குக் கொடுக்கிற மருந்து என்று ஊரே சொல்கிறது. யாரை நம்புவது? கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று முதலில் பார்த்த டாக்டர் டெயுஸிடம் மட்டும் சொன்னார். என்னிடம், "ஒண்ணுமில்லம்மா, வெறும் புண்ணு" என்றார். நாலு மாதம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

நீயாவது உண்மையைச் சொல்.

அகீகி


ஃபோர்ட் போர்ட்டல்
5 ஜூன்

அன்பு அகீகி அக்கா,

கோபமில்லை. குடிக்கிறீர்களா என்று கேட்டேனே தவிர, பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. தப்பு என்னுடையது.

இனி உங்கள் நோயை எங்களால் குணமாக்க முடியாது. இந்தப் பச்சை மார்ஃபின் மருந்தும் குணமாக்காது. ஆனால் சொன்ன அளவில் குடித்தால் கொல்லவும் கொல்லாது. வலியை மட்டும் குறைக்கும். உங்கள் அண்ணனுக்குக் கடைசி வாரத்தில்தான் கொடுத்தார்கள், பதிவேட்டில் பார்த்தேன். அவரைக் கொண்டுபோனது நோய்.

நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து மில்லி. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முதல் இரண்டு நாள் தூக்கம் வரும், குமட்டும். மலம் இறுகினால் காய்ந்த பப்பாளி விதையைப் பொடித்துச் சாப்பிடுங்கள்.

இந்த வாரம் மலைப்பக்கத்து நோயாளிகளைப் பார்க்கப் போகிறேன், உங்களிடம் வர முடியவில்லை. குடிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். குடிக்காவிட்டாலும் வருவேன்.

அப்வூலி


ருடேடே
9 ஜூன்

அன்பு அப்வூலி,

நேற்று மதியம் குடித்தேன். கொஞ்சம் கழுத்தில் வழிந்தது. டெயுஸ் என் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கண் விழித்தால் வலியைக் காணோம். செத்துவிட்டேன் என்று நினைத்துக் கத்திவிட்டேன். "பொணம் இப்படியா கத்தும்? சும்மா இருடி!" என்றார். சிரித்தோம், அப்புறம் இருவரும் அழுதோம். அவித்த வாழைக்காய் இரண்டு வாய் இறங்கியது.

ஆனால் வலித்தபோது எதையும் யோசிக்க முடியவில்லை. இப்போது முடிகிறது. அதுதான் பெரிய பயமாக இருக்கிறது. எனக்கு இன்னும் எத்தனை நாள்? டெயுஸிடம் சொல்லாதே. முதலில் என்னிடம் சொல்.

அகீகி


ஃபோர்ட் போர்ட்டல்
10 ஜூன்

அன்பு அக்கா,

முறைப்படி அடுத்து 25ஆம் தேதிதான் உங்களைப் பார்க்க வர வேண்டும். ஆனால் நாளைக்கே வருகிறேன். நாள் கணக்கு யாருக்கும் சரியாகத் தெரியாது. எனக்குத் தெரிந்ததை உங்களிடம்தான் முதலில் சொல்வேன். கடிதத்தில் வேண்டாம், நேரில்.

அப்வூலி


ருடேடே
11 ஜூன், காலை

அப்வூலி,

இதைக் கொடுத்தனுப்ப நேரமில்லை, உன் கையில்தான் தரப்போகிறேன். 25ஐ விட்டுவிட்டு நாளைக்கே வருகிறேன் என்றாயே, அதிலேயே பாதி புரிந்துவிட்டது. டெயுஸைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டேன்.

வெளியே உன் பைக் சத்தம் கேட்கிறது.

உள்ளே வா. மீதியைச் சொல்.

அகீகி