தைலம் தேய்த்த கை

ஜூன் 3
பேக்கரியில் இரவு வேலை முடிந்து அவர் வந்ததும் இருமல்தான் முதலில் வீட்டுக்குள் நுழைந்தது. மாவுத் தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வழக்கம்போலத் தைலத்தை அள்ளி மார்பில் தேய்த்துவிட்டேன். சட்டையில்லாமல் படுத்தவர் மேல் மகாராணி ஏறிச் சுருண்டுகொண்டாள். இந்தக் கிழட்டுப் பூனைக்கு வீட்டில் என்னைவிடச் செல்வாக்கு அதிகம்.
"உன் சக்களத்தி வந்துட்டா பாரு." சிரித்ததற்கும் ஒரு இருமல்.

ஜூன் 8
மகாராணி சாப்பாட்டைத் தொடவில்லை. வாயில் எச்சில் ஒழுகுகிறது. "வெயிலுக்கு இருக்கும்" என்கிறார். எனக்கென்னவோ மனது சரியில்லை.

ஜூன் 9
நடக்கவே தள்ளாடினாள். மத்தியானம் கைகால் வெட்டி இழுத்தது. அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனம் வரவில்லை. துணிக்கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.
தூக்கியதுமே அந்த அம்மாள் கேட்டார், "மேல என்ன தடவுனீங்க?"
"ஒண்ணும் தடவலையே டாக்டர்."
"வயித்து முடியெல்லாம் தைல வாசனை அடிக்குதே! பூனை நக்கித்தானே சுத்தம் பண்ணிக்கும்? அதுல இருக்கற கற்பூரம் பூனைக்கு விஷம்மா."
ஊசி போட்டும் நிற்கவில்லை. என் மடியிலேயே போயிட்டா.
அவரிடம், "வயசாயிடுச்சுங்க" என்றேன். வேறென்ன சொல்ல? மார்பில் ஏற்றிக் கொஞ்சியதே எமனாகிவிட்டது என்று தெரிந்தால் தாங்குவாரா? தேய்ச்சது நான்தானே — ஐயோ, நான் யார்கிட்ட போய்ச் சொல்வேன்?
கொல்லையில் புதைத்தார்.

ஜூன் 10
தைல டப்பாவைக் குப்பையில் போட்டேன். கேட்டால் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 16
கேட்கவே இல்லை. இருமுகிறார், இருமுகிறார், கேட்கவே இல்லை.

ஜூன் 21
இன்று படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினார். விழித்ததும், பார்க்கப் பொறுக்காமல் வாயைத் திறந்துவிட்டேன். "தைலம் தீந்துபோச்சுங்க. வேணும்னா வாங்கிட்டு—"
"வேண்டாம்."
அவ்வளவு வேகமாகச் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. சுவரைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"புதைக்கறதுக்கு முன்னாடி அவ வயித்துல முகம் வச்சேன். தைல வாசனை. மறுநாளே டாக்டரம்மாகிட்ட போய்க் கேட்டுட்டேன்."
"ஏங்க எங்கிட்ட சொல்லல?"
"தேச்சுவிட்டது நீ. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"
வாய்விட்டு அழுதேன். அழுகை ஓயும்வரை அவர் இருமலை அடக்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.