முப்பது வரை எண்ணு

ஏப்ரல் 23

தப்கே என்னும் வரிசை ஆட்டப் பயிற்சியில் நான்கு முறை தரையை மிதித்தேன். ஐந்தாம் முறை தரை என்னைத் திருப்பி மிதித்தது, அடிமுதுகில். வீட்டில் சொன்னேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவேயில்லை. ஒலிவ் பறிக்கிற மாசம் இன்னும் வரலையேடி, அதுக்குள்ள முதுகுவலி எப்படி வந்துச்சு என்று கேட்டாள்.

போன அக்டோபரில் இரண்டு வாரம் இடுப்பைப் பிடித்து முனகிக்கொண்டு, மரத்தடியில் படுத்து உலர்ந்த அத்திப்பழம் தின்றவள் நான்தான். அருமையான நடிப்பு. இனி யார் நம்புவார்கள்?

ஏப்ரல் 25

ஜூன் 14இல் அண்ணன் ஹைதருக்குக் கல்யாணம். ஆட்ட வரிசையின் தலையில் நின்று மணிமாலை சுழற்றப்போவது நான் என்று எங்கள் ஊர் பால்பெக் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இன்று குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை.

ஏப்ரல் 28

நான் சாப்பிட்டுத் தரையிலிருந்து எழுந்ததை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பெய்ரூத்துக்கு வேன் ஓட்டி ஓட்டி முதுகைத் தொலைத்தவர்.

"இவளுக்கு நிஜமாவே வலிக்குது," என்றார் அம்மாவிடம்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நடிக்கிறவ இடுப்பைப் பிடிப்பா. இவ தொடையில கை ஊணி எழுந்திரிக்கிறா. என்னை மாதிரி."

 உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். வலியால் — அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஏப்ரல் 30

தசைப் பயிற்சி தரும் சிஹாம் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கினார். பாதி வழியில் துருப்பிடித்த கதவு போல நின்றது.

"தொடையோட பின்தசை இறுகிக் கெடக்கும்மா. குனியறப்ப அது விட்டுக் கொடுக்கல. அதோட பங்குக்கும் முதுகே வளையுது."

குற்றம் காலுடையது, தண்டனை முதுகுக்கு. வகுப்பில் பேசுவது நான், வெளியே நிற்பது பக்கத்தில் இருக்கும் லமீஸ்; அதே நீதி.

பாதத்தில் துணி மாட்டி மெல்ல இழு, முப்பது எண்ணு, காலுக்கு மூன்று முறை, துள்ளாதே என்றார்.

மே 3

அப்பாவின் கட்டம் போட்ட தலைத்துணி என் காலுக்கு வந்துவிட்டது. பதினெட்டு எண்ணுவதற்குள்ளேயே தொடை கெஞ்சுகிறது.

மே 6

இப்படி அங்குலம் அங்குலமாகப் போனால் அண்ணனுக்குப் பேரன் பிறந்துவிடுவான். துள்ளித் துள்ளி இழுத்தேன்.

மே 7

படுக்கையிலிருந்து எழுதுகிறேன். துள்ளாதே என்றால் துள்ளாதே.

மே 19

அப்பாவே எண்ணுகிறார். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு வாய் காபி. தூக்கிய கால் ஜன்னல் விளிம்பின் உயரத்தைத் தாண்டியது.

ஜூன் 2

பயிற்சிக்குத் திரும்பினேன். வரிசையின் தலையில் இப்போது லமீஸ். எனக்கு வாலில் இடம். ஒன்றும் சொல்லாமல் நின்றேன். என் நாக்கு எந்தத் தசையையும் விடக் கஷ்டப்பட்டது.

ஜூன் 14

பாதிப் பாட்டில் லமீஸ் மணிமாலையை என் கையில் திணித்தாள். "ஒரே ஒரு சுத்து. தண்ணி குடிச்சிட்டு வரேன், அதுக்குள்ள கல்யாணத்தைக் கெடுத்துடாதே."

உட்கார்ந்து எழுந்தேன். மிதித்தேன். தரை பேசாமல் இருந்தது. லமீஸ் மூன்று சுற்றுக்குத் தண்ணீர் குடித்தாள்.

ஜூன் 15

காலையில் தலைத்துணியைக் காணோம். தேடினால், கூடத்தில் அப்பா மல்லாக்கக் கிடக்கிறார், அது அவர் பாதத்தில். முகம் தக்காளியாகியிருந்தது.

"பாத்துட்டு நிக்காத. எண்ணு."

எண்ணினேன். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. இருபத்தொன்பது. இருபத்தொன்பது.