செடியைத் தொடும் கை

பென்னலூர்

அன்புள்ள மருமகள் லிசாவுக்கு,

பென்னலூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே கம்பெனி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு சக்கரவர்த்திபோல் தினமும் வலம் வரும் உன் தாய்மாமன் செல்வநாதன், ஜெர்மனியில் நீ ஆராயும் ஒரு குட்டைச் செடியின் மேல் கொண்ட பெரும் பொறாமையோடு எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். அந்தச் செடி நலமாக இருப்பதைத் தினமும் பார்க்கிறேன், கேட்கத் தேவையில்லை.

போன வாரம் நீ போனில் கத்தியது நியாயம்தான். இங்கே சங்கு ஊதிவிட்டதாக நினைத்து இரண்டு கம்பெனியில் ஷிப்ட் விட்டுவிட்டார்கள். ஆனால் என் பக்கத்தையும் கேள். பத்திரிகையில் அச்சாகும் முன்பே ஆராய்ச்சிக் கட்டுரையையும் தினசரிப் படங்களையும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தவர்கள் நீங்கள். யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று கீழே இடம் விட்டவர்களும் நீங்கள். அந்த 'யார்' என்பதில் தாய்மாமன் மட்டும் சேர்த்தி இல்லையா? "செடி நன்று. அதைத் தொடும் கை மெலிந்திருக்கிறது. காலையில் சாப்பிடுகிறதா என்று விசாரிக்கவும்" என்று தமிழில்தான் எழுதினேன். கம்ப்யூட்டரே அதை மொழிபெயர்க்கும் என்றும், பிரேசிலில் ஒரு விஞ்ஞானி அம்மாள் அதைப் படித்துவிட்டு, தொடும் கையின் எடையைக் கணக்கில் எடுத்தீர்களா என்று உன் பேராசிரியரைக் கேட்பார் என்றும் நான் கண்டேனா? நல்ல கேள்வி என்று பேராசிரியர் சொன்னதாக நீதானே சொன்னாய். அப்புறம் கட்டுரைக் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரைப் போட என்ன தடை?

ஆராய்ச்சி எனக்கு நன்றாகவே புரிந்தது. தினமும் தொட்ட செடி குட்டையாகிறது, தாமதமாகப் பூக்கிறது. தொடாமல் விட்ட செடி நெடுநெடுவென்று வளர்ந்து முந்திப் பூக்கிறது. ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. பிறந்ததிலிருந்து உன்னை என் தோளிலிருந்து இறக்கியதே இல்லை. நீயோ நிலைவாசலில் தலை இடிக்கிற உயரம். இதையும் கட்டுரையில் சேர்.

இனி என் வயிற்றெரிச்சல். காலையும் மாலையும் அந்தச் செடியைத் தடவிக்கொடுக்கிறாய். எங்களுக்கோ ஞாயிறு பூசை முடிந்து சில நிமிடப் பேச்சு. அதில் முக்கால்வாசி உன் அம்மாவுக்கு. என் பங்குக்கு, "மாமாவக் கேட்டன்னு சொல்லும்மா." முகம் தெரியாவிட்டாலும் கையாவது தெரிகிறதே என்றுதான், ஷிப்ட் விடக் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பிறகு பஸ்ஸே பார்க்க ஆரம்பித்தது. இன்று ஒரகடத்தில் உன் செடிக்கு இருக்கும் ரசிகர் கூட்டம் எந்த நடிகருக்கும் கிடையாது.

அங்கேதான் சிக்கல். செவ்வாய்க்கிழமைப் படத்தில் வழக்கம்போல் உன் கை. தொட்டியை மறுபக்கம் பிடித்தபடி இன்னொரு கை. கரடியிடம் இரவல் வாங்கியது போல ரோமம் அடர்ந்த கை. நான் செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த திருநெல்வேலிக்காரன் இசக்கிபாண்டி, "என்ன அண்ணாச்சி, ரெண்டு கைலயும் ஒரே மோதிரம்லா கெடக்கு" என்றான். அவன் வாயை அடைக்க, ஜன்னலோர முன்சீட்டை அவனுக்கு ஆயுள் முழுக்கப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பேராசிரியருக்குத் தெரியும். பிரேசில் அம்மாளுக்கும் தெரிந்திருக்கும். வெல்டிங் லைன் இசக்கிபாண்டிக்குத் தெரியும். உலகத்திலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான் என்ற நினைப்பில், அன்று வண்டியை இரண்டாம் கியருக்கு மேல் போடவே மனம் வரவில்லை. வீட்டு வாசலில்தான் உறைத்தது, கடைசி ஆள் நான் இல்லை என்று.

உன் அம்மாவும் தினமும் படம் கேட்கிறாள். செருப்பைக் கழற்றுவதற்குள், "போனக் குடுடா, புள்ள கையப் பாக்கணும்" என்கிறாள். மோதிரத்தின் மேல் என் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காட்டுகிறேன். நேற்று, "இன்னாடா, எப்பப் பாத்தாலும் அங்கயே வெச்சிகினு கீற, எட்றா வெரல" என்று தட்டிவிட்டாள். நெட் போய்விட்டது என்று போனை அணைத்தேன். என் வாட்ஸ்அப்பும் இப்போது அவள் கையில்தான். அதனால்தான் ஸ்ரீபெரும்புதூர் தபால் ஆபீஸ் வரிசையில் நின்று இந்தக் கடிதம். பஸ்ஸிலிருந்து உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். குரல் சரியாக வராது என்று தோன்றியது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். தொடாமல் விட்டால் முந்திப் பூக்கும் என்று நீயே நிரூபித்திருக்கிறாய். ஆனால் ஒன்று. உன் அப்பா தவறிய வருஷம், கல்யாணத்தன்று கோயிலில் பீடம் வரை என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன் என்று நீயாகவே சொன்னாய். கரடிக்கைக்காரர் பீடத்தண்டை நின்று காத்திருக்கட்டும். அதுவரை அந்தக் கை என்னுடையது.

உன் அம்மா இதைப் படத்தில் பார்க்கக்கூடாது, கண்ணு. உன் வாயால் கேட்கட்டும். இது கிடைத்ததும் வரும் ஞாயிறு, என் பங்கு நிமிடங்களையும் சேர்த்து அவளிடமே பேசு. என்னைக் கேட்டதாகக்கூடச் சொல்ல வேண்டாம்.

ஆண்டவர் உன் கையை ஆசீர்வதிப்பாராக. போனால் போகிறது, அந்த இன்னொரு கையையும்.

கட்டைவிரலை எடுக்காமல் காத்திருக்கும்
உன் தாய்மாமன்,
செல்வநாதன்