வள்ளியின் ‘ம்’

அன்பு வள்ளி,

இன்னும் ரிங் ஆடுகிறோமா என்றுதான் முதலில் கேட்பாய். ஆடுகிறோம். காலையில் தறிக்கான பட்டு இழைகளை நீளப் பாவாக விரிக்கிற அதே தெருவில், பாவைச் சுருட்டி எடுத்த பிறகு, பாவைத் தாங்கிய அதே கொம்புகளில் கயிறு கட்டி ஆடுகிறோம். உன் ரப்பர் வளையம் என்னிடம் இருக்கிறது. உன்னைப் பெற்ற அத்தைதான் கொடுத்தாள்.

படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஏழாவதோடு நின்றவளுக்கு என்ன எழுத வரும்? உனக்கு எழுதுவதென்றால் வரும். மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

அந்த மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு நான் வளையத்தைத் தொடவில்லை. சாயக்காரர் வீட்டு சரோஜாதான் வந்து இழுத்துக்கொண்டு போனாள். படிப்பக ஆண்டு விழாப் போட்டிக்கு அவளுக்கு ஒரு ஜோடி வேண்டும். உன்னோடு ஆடினவள் ஆயிற்றே என்று என்னை நம்பி வந்தாள்.

நாம் ஆடினது உனக்கு நினைவிருக்கிறதா? சர்வீஸ் போடும் முன் வளையத்தைத் தாவணியில் துடைப்பேன். கையில் ஒரு சுற்று சுற்றுவேன். எதிர்க்கட்டத்தின் மூலையைப் பார்ப்பேன். பக்கத்திலிருந்து நீ ‘ம்’ என்பாய். வளையம் போய் அந்த மூலையில் விழும். நல்ல கை என்று தெருவே சொன்னது. அதில் பாதி உன் வாய் என்று யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாதே.

சரோஜாவோடு நின்ற முதல் நாள் துடைத்தேன், சுற்றினேன், பார்த்தேன். அப்படியே நின்றேன்.

“இன்னாடி நின்னுக்கினு கீற? கைல வச்சி அடைகாக்கிறியா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவசரமாக எறிந்தேன். கயிற்றைக்கூடத் தாண்டவில்லை.

வெட்கத்தை விட்டு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளும் நல்லவள், ‘ம்’ சொல்லிப் பார்த்தாள். சோறு போதும் என்று சொல்வதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வளையம் சாக்கடைக்குப் போனது.

“தோ பாரு, விழாவுக்குள்ள சரியாவலன்னா நான் கோமதிய சேத்துக்குவேன். கோச்சுக்காத.”

கோபமில்லை வள்ளி, பயம். தறியை விட்டு எழுந்து நான் தெருவுக்கு வருவது இந்த ஆட்டத்துக்காக மட்டும்தானே? இதுவும் போனால் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

பதில் தறியிலேயே கிடைத்தது. இப்போதும் அப்பாவோடு கோர்வை நெய்கிறேன். சேலையின் உடலுக்கு அவர் குறுக்கிழை சுற்றிய நாடாவை ஓட்டுவார், ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கு நான் என் நாடாவை விடுவேன். அன்று அப்பா மிதிக்கட்டைக்கு எண்ணெய் விட்டிருந்தார். அவர் மிதித்தார். இழைகள் பிரிந்து வாய் திறந்தன. என் கண் பார்த்தது, கை போகவில்லை.

“இன்னாமா, தூக்கமா?” என்றார்.

தூக்கமில்லை. எண்ணெயில் அடங்கிப்போன கட்டையின் ‘கிறீச்’ சத்தத்துக்காக என் கை காத்திருந்தது! கோர்வை ஓரத்திலேயே வளர்ந்த கை. இன்னொருவர் தொடங்கினால்தான் தொடங்கும். தறியில் அது சரி. ஆட்டத்தில் கோட்டருகே நிற்பது நான் ஒருத்தி. அங்கே எனக்காக யார் மிதிப்பார்கள்?

அன்று சாயங்காலம் நானே மிதித்தேன். துடைத்தேன், சுற்றினேன், மூலையைப் பார்த்தேன். பிறகு வலது கால் கட்டைவிரலால் மண்ணை அழுத்தி, மெல்ல ‘ம்’ என்று சொல்லி எறிந்தேன். வளையம் அத்தை காயவைத்த வடகத்தில் விழுந்தது. ஆனால் கை நிற்கவில்லை, பார்த்தாயா? அது போதுமாக இருந்தது. தினமும் எறிந்தேன். எதையும் விடாமல், முன்பின் மாற்றாமல், அதே வரிசையில். அவசரத்தில் ஒன்றை விட்ட நாளில் வளையம் எங்கோ போகும். வரிசை கெடாத நாளில் நான் நினைக்கும் முன்பே கை போய்விடும். மெல்ல மெல்ல வளையம் வடகத்தை விட்டுவிட்டு மூலைக்கு வரத் தொடங்கியது.

ஒருநாள் அத்தை கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நீ போனதிலிருந்து ஆட்ட நேரத்தில் அவள் வெளியே வருவதேயில்லை.

“யார்டி அது ‘ம்’ன்னது?”

வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். “நான்தான் அத்தே. இனிமே சொல்லல.”

அவள் என் கையை முன்னால் இழுத்து வளையத்தைப் பார்த்தாள். “சொல்லு. சொல்றத சத்தமா சொல்லு. என் பொண்ணு இப்டி முணுமுணுக்க மாட்டா.” உள்ளே போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து வடகத்துக்குக் காவல் இருந்தாள்.

போட்டி தொடங்கிவிட்டது. ஹைஸ்கூல் பெண்களை ஜெயித்தோம் வள்ளி! கோமதியின் பேச்சை சரோஜா எடுப்பதே இல்லை. தனக்கும் ‘ம்’ சொல்லச் சொல்லி என்னைக் கெஞ்சுகிறாள். மாட்டேன் என்றுவிட்டேன். அவளும் தனக்கென்று ஒன்றைத் தேடிக்கொள்ளட்டும்.

நாளைக்குக் கடைசி ஆட்டம். அத்தை முன்வரிசையில் உட்காரப் போகிறாளாம். நான் கோட்டருகில் நின்று, மண்ணை மிதித்து, தெருக்கோடி வரை கேட்கும்படி ‘ம்’ என்பேன். இது சத்தியம். நீ பதில் சொல்ல வேண்டாம். கேட்டுக்கொண்டிரு, போதும்.

உன் மாமன் மகள்,
உன் வளையத்தை வைத்திருப்பவள்,
கஸ்தூரி