சாட்சி சொல்ல மாட்டேன்

ஜனவரி 8, 2025, புதன்

இன்றைக்கும் கூட்டத்துக்கு ஹால் கிடைக்கவில்லை. மரத்தடியில்தான் ஜெபம். பைக் சத்தத்தில் நான் வாசித்த வசனம் எனக்கே கேட்கவில்லை. கல்லூரியின் கத்தோலிக்க மாணவர் குழுவுக்கு நான் தலைவி. ஒரு அறை வாங்கித் தர வக்கில்லாத தலைவி.

முடிந்ததும் எங்கள் ஆன்மகுரு சார்லஸ் ஃபாதர் கூப்பிட்டார். பாண்டிச்சேரியில் ஓர் அறக்கட்டளை இருக்கிறதாம். பல கல்லூரிகளின் மாணவத் தலைவர்களை அழைத்து மேடையில் பேச வைத்து, ஒருவருக்குப் படிப்புச் செலவு முழுவதும் கொடுப்பார்களாம், மேலே எம்.எஸ்சி. வரைக்கும். இந்த முறை நிகழ்ச்சி விருத்தாசலத்திலேயே நடக்கிறது. என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

அம்மாவிடம் சொன்னதும், செராமிக் யூனிட்டில் பொம்மைக்கு வர்ணம் அடித்த கையைக்கூடக் கழுவாமல் என் கன்னத்தைப் பிடித்தாள். அப்பா சூளை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நானும் வரலாமா என்று கேட்டார். வரலாம் என்றேன்.

ஜனவரி 22, புதன்

மேடையில் பேச வேண்டியதை ஃபாதரே டைப் செய்து கொடுத்துவிட்டார். முதல் வரி: "குடிகாரத் தந்தையின் அடிக்குப் பயந்து, தாயோடு பஸ் ஸ்டாண்டில் இரவைக் கழித்த சிறுமி நான்."

இதை நான் அவரிடம் எங்கே சொன்னேன்? போன வருடம் குழுவோடு போன தியான முகாமில். இங்கே பேசுவது இங்கேயே இருக்கும் என்று சொன்னவர் அவர்தானே. நம்பித்தான் சொன்னேன். அழுதுகிட்டே சொன்னேன். அதப் போயி மொத வரியா வைப்பாரா ஒரு மனுசன்?

ஞாயிறுதோறும் அரசு ஆஸ்பத்திரியில் ஆளில்லாத நோயாளிகளோடு போய் உட்காருகிறோம், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யூனிட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு நடத்தும் மாலை வகுப்பு கடைசியில் அரை வரி. அப்பா குடியை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது — அது எங்குமே இல்லை.

ஜனவரி 23

சாப்பிடப் பிடிக்கவில்லை. அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

ஃபாதரைப் பார்த்துப் பேசினேன். கத்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

நல்ல மார்க்கும் சேவையும் எல்லா மாணவரிடமும் இருக்கும், பட்ட கஷ்டம்தான் உன்னைத் தனியாகக் காட்டும் என்றார். கொடுக்கிறவர்களின் மனது இளக வேண்டும் என்றார். பிறகு, "சாட்சி சொல்றதுல என்னம்மா வெட்கம்? ஆண்டவர் உன்னத் தூக்கி விட்ட கதை அது."

"அது கதை இல்ல ஃபாதர். எங்க வூடு. எங்க அப்பா அங்க வந்து ஒக்காந்திருப்பாங்க."

அப்பா வர வேண்டாம் என்று சொல்லிவிடேன் என்றார்! எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார். எனக்கு நல்லது செய்வதாகவே நினைக்கிறார், அதுதான் இன்னும் எரிகிறது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

ஜனவரி 29

எனக்கு முன்னால் தலைவியாக இருந்த பிரபா அக்காவுக்கு போன் செய்தேன். அவள் அந்த உதவியில்தான் படித்து முடித்தாள். அம்மா தன்னை விட்டுவிட்டுப் போனதை மேடையில் சொன்னவள்.

சொன்னாள்: "படிப்பு கெடச்சுது அனிஷா, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் மேடையில பேசுன வீடியோ இன்னும் நெட்டுல இருக்குது. என்னப் பொண்ணு பாக்க வந்தவங்க அதப் பாத்துட்டுதான் வந்தாங்க."

எப்படி முடிவெடுப்பது? சொல்லாவிட்டால் எம்.எஸ்சி. இல்லை. சொன்னால்?

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பா நிகழ்ச்சிக்கென்று புதுச் சட்டை வாங்கி வந்து, நல்லாயிருக்கா என்று போட்டுக் காட்டினார். என்னால் அடக்க முடியவில்லை. டைப் செய்த தாளை அவர் முன்னால் போட்டேன். "இதான் நான் பேசணுமாம். படிங்க. படிச்சிட்டு சட்டைய மாட்டிக்கினு வாங்க."

படித்தார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

அம்மா என்னை அறையவில்லை, அவ்வளவுதான். "அந்த மனுசன் குடிக்காம தெனம் தெனம் பல்லக் கடிச்சிக்கினு இருக்குது. ஒன் கோவத்த அங்க போயிக் காட்டுடி, இங்க எதுக்குக் காட்டுற?"

அவள் சொன்னது சரி. தப்பான ஆள் மேல் கோபத்தைக் கொட்டிவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

அப்பா வந்தார். அந்தப் புதுச் சட்டையில். கடைசி வரிசையில் அம்மாவோடு.

மேடையில் ஏறி ஆஸ்பத்திரி வார்டைப் பற்றிப் பேசினேன். மாலை வகுப்பைப் பற்றி, தலைமை என்றால் எனக்கு என்ன என்பதைப் பற்றி. நானே யோசித்துப் பேசியது. அறக்கட்டளையைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் மைக்கைப் பிடித்து, குடும்பச் சூழ்நிலையைச் சொல்லவே இல்லையே என்றார்.

"அப்பா சூளையில வேலை பாக்குறாங்க. அம்மா பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறாங்க."

கஷ்டம் எதுவும் இல்லையா என்று மறுபடி கேட்டார். கேமரா என் முகத்துக்குக் கிட்டே வந்தது.

"இருக்குதுங்க. ஆனா அது எங்க மூணு பேருக்கும் சொந்தம். நான் மட்டும் எடுத்துக் குடுக்க முடியாது."

யாரும் கை தட்டவில்லை. சார்லஸ் ஃபாதர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மூன்று பேரும் ஒரே வண்டியில். ரயில்வே கேட்டில் நின்றபோது அப்பா திரும்பாமலேயே சொன்னார்: "நீ சொல்லியிருந்தாலும் நான் எழுந்து போயிருக்க மாட்டேன் பாப்பா. செஞ்சவன் நான்தான."

அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 5, சாம்பல் புதன்

வேறு கல்லூரிப் பையனுக்குக் கிடைத்துவிட்டது. தன் அம்மாவின் புற்றுநோயைச் சொல்லி மேடையிலேயே உடைந்து அழுதவன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் அழுததைக் கிட்டே போய்ப் படம் பிடித்தார்களே, அவர்கள் மேல்தான்.

நெற்றியில் சாம்பல் வைத்தபோது ஃபாதர் என் கண்ணைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 30

குழு மறுபடி என்னைத்தான் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். ஏன் நான் விட்டுக் கொடுக்கணும்?

ஜூன் 22, ஞாயிறு

ஃபாதர் வீட்டுக்கு வந்தார். நான் டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இந்த வருடப் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் ஓடப் போகிறது.

நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அப்பாவைப் பார்த்து, மன்னிச்சிருங்க செல்வநாதன் என்றார். ஒரு குருவானவர் அப்படிக் கேட்டால் அப்பா பதறி எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை.

"எங்கிட்ட வேணாம் ஃபாதர். நம்பிச் சொன்னது பாப்பா. அதுங்கிட்ட கேளுங்க."

என் பக்கம் திரும்பிக் கேட்டார். பரவாயில்லை என்று வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். பரவாயில்லாமல் இல்லையே. சரிங்க ஃபாதர் என்று மட்டும் சொன்னேன்.

மேடையில் வீட்டுக் கஷ்டம் கேட்பதை நிறுத்தச் சொல்லி அறக்கட்டளையிடம் போனில் பேசினாராம். முடியாது என்றார்களாம். அதனால் இந்த வருடம் நம் கல்லூரியிலிருந்து யாரையும் அனுப்பப் போவதில்லை என்றார். நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்குக் கோபம்தான் வந்தது.

"அப்ப புதுசா வந்திருக்கிற புள்ளைங்க எப்படிப் படிப்பாங்க ஃபாதர்? போன்ல சொன்னா முடியாதுன்னுதான் சொல்வாங்க. நேர்ல போவோம். நானும் வரேன். பிரபா அக்காவும் வருவா."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னிடம், பாண்டிக்குக் காலையில் எந்த பஸ் என்று கேட்டார்.