ஒருமுறைகூட எழுந்து போகாத நாள்

மச்சான்,

இன்று காலை பேத்திக்கு டயப்பர் கட்டி வெந்த புண்ணுக்கு மகள் ஒரு களிம்பு தடவினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. உன் டிபன் பையில் சாப்பாட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பாயே, அதே களிம்பு. பச்சைக் குழந்தைக்குப் போடுவதை நாற்பது வயது ஆள் எதற்குச் சுமக்கிறான் என்று தெரியாமலேயே உன்னோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன்.

திருமுடிவாக்கம் கம்பெனியில் நீ புதிது. தகடு வளைக்கும் மெஷினில் ஒரு முனை உனக்கு, மறுமுனை எனக்கு. நீ போனால் மெஷின் நிற்கும். நீயோ ஒரு ஷிப்டில் ஆறேழு தடவை கக்கூசுக்குப் போனாய். "ஓபி அடிக்கிறான்" என்று எல்லோரும் சொன்னார்கள். அதிகமாகக் கத்தியவன் நான். ஒருநாள் வெறி பிடித்துக் கக்கூஸ் கதவை எட்டி உதைத்தேன். தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. உள்ளே தோலெல்லாம் வெந்துபோய், மடித்து வைத்த துணியில் ரத்தத்தோடு நீ.

"இன்னாடா பாக்குற? அடிக்கணும்னா அடி!" என்று கத்தினாய்.

அன்றுதான் சொன்னாய். பெருங்குடல் முழுக்கப் புண்ணாகிவிட்டதால் அதை எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் கடைசியை மடித்து உள்ளேயே ஒரு பை தைத்துக் கீழே இணைத்தார்கள். அது ஆறும்வரை வயிற்றில் ஓட்டை போட்டு, வெளியே ஒட்டிய பையோடு சில மாதம் திரிந்திருக்கிறாய். "ரத்தமா போய்க்கினே செத்திருப்பேன் மச்சான். இப்போ தண்ணியா போவுது, அவ்ளோதான். உயிரு கீது." அந்த உள் பையும் அடிக்கடி புண்ணாகிக் காய்ச்சல் வரும்; மாத்திரையில் அடங்கும், மறுபடி வரும். எவனுக்கும் தெரியக் கூடாது என்றாய். வேலை போய்விடும் என்ற பயம் உனக்கு.

ஆஸ்பத்திரித் தாள் இங்கிலீஷில் இருந்ததால் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து நான்தான் படித்துச் சொன்னேன். வயிறு உப்பி, எதுவும் வெளியேறாமல், வாந்தி வந்தால் உடனே வர வேண்டும் என்று அதில் இருந்தது.

பிறகு சூப்பர்வைசர் கக்கூசுக்குப் பூட்டுப் போட்டார். நீ சுத்தியலை எடுத்து மூன்றே அடியில் அதை உடைத்தாய். அவர் உன் சட்டையைப் பிடித்தார். நான் விட்ட குத்தில் அவர் உதடு கிழிந்தது. நாலு நாள் நம் இரண்டு பேரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்த நாலு நாளும் செம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

அப்புறம் அந்த நாள். காலையிலிருந்து மெஷின் நிற்கவே இல்லை. மதியம் அதே சூப்பர்வைசர் உன் தோளைத் தட்டினார். "இன்னிக்கு ஒரு வாட்டிகூட நீ எழுந்துக்கலையே, சூப்பர்பா!" எல்லோரும் கைதட்டினார்கள். குணமாகிவிட்டது என்று நான் ஓடிப்போய்ப் பரோட்டா வாங்கி வந்து உன் வாயில் திணித்தேன்.

"வயிறு கல்லாட்டம் கீது மச்சான்."

"போகாம பழக்கமில்ல இல்ல, அப்டித்தான் இருக்கும். துன்னு."

நாலு மணிக்கு வாந்தி எடுத்தாய். சோடா வாங்கிக் கொடுத்துப் பல்லாவரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அடப்பாவி, அந்தத் தாளைப் படித்தவன் நான்!

மறுநாள் உன் வயிற்றைத் திறந்தார்கள். பழைய ஆப்பரேஷனில் உள்ளே ஒட்டிக்கிடந்த இடத்தில் குடல் முறுக்கிக்கொண்டு கருத்துப்போயிருந்தது. ஒருநாள் முன்னால் கொண்டு வந்திருக்கலாமே என்றார் டாக்டர். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மனைவி என்னைப் பார்த்து, "அண்ணா, அன்னிக்கு வூட்டுக்கு வந்ததும் எவ்ளோ சந்தோஷமா சொன்னாரு தெரியுமா, இன்னிக்கு ஒரு வாட்டிகூட போகலன்னு" என்றாள். நான் சுவரில் குத்தினேன். விரல் எலும்பு உடைகிறவரை குத்தினேன்.

அந்த விரல் இன்னும் மடங்குவதில்லை. இப்போது அதே கம்பெனியில் நான்தான் சூப்பர்வைசர். கக்கூசில் பூட்டு கிடையாது. அடிக்கடி எழுந்து போகிறவனை நான் ஒன்றும் சொல்வதில்லை. எவனாவது காலையிலிருந்து எழுந்திருக்காமல் வேலை செய்தால்தான் எனக்குப் பயம். "ஒடம்பு நல்லா கீதாடா?" என்று போய் நிற்பேன். பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் நகர்கிறேன்.