இரண்டாம் தொட்டி புளித்தது குறித்து என் மீது நானே கொடுக்கும் புகார்

அனுப்புநர்:
தொட்டி ஆபரேட்டர் (பணியில் பத்தொன்பது ஆண்டுகள்),
கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
சுத்திகரிப்பு நிலையங்கள் பிரிவு.

பொருள்: இரண்டாம் எரிவாயுத் தொட்டி செயலிழந்தது – உண்மைக் காரணம் தெரிவித்தல் – நீக்கப்பட்ட தரம்பிரிப்புப் பணியாளரை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. யார் மீது புகார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. இது என் மீதான புகார்.

2. எங்கள் நிலையத்தில் கழிவுநீரில் படியும் கசடு மூன்று பங்கும், சந்தையிலும் மருத்துவமனைச் சமையலறையிலும் மிஞ்சும் உணவுக் கழிவு ஒரு பங்கும் கலந்து மூடிய இரண்டு தொட்டிகளுக்குள் செலுத்துகிறோம். உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எரிவாயு தருகின்றன. இரண்டாம் தொட்டியின் வாயுவில்தான் மருத்துவமனைக்கு வெந்நீர் காய்கிறது. உணவுக் கழிவில் பிளாஸ்டிக்கும் சோப்புத் தண்ணீரும் சேராமல் பார்ப்பது தரம்பிரிப்புப் பணியாளரின் வேலை. தொட்டிக்கு எவ்வளவு ஊட்டுவது என்பது என் வேலை.

3. சென்ற மாதம் தாங்கள் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. மிஞ்சும் வாயுவை எரிக்கும் குழாயில் சுடர் உயரமாக நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. முந்தைய நாள் ஒரு டிரம்முக்குப் பதிலாக எட்டு டிரம் அழுகிய பழங்களை இரண்டாம் தொட்டிக்குள் தள்ளினேன். அந்தப் பணியாளர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நேத்துப் போட்டதே இன்னும் செரிக்கல அண்ணே. விருந்தாளி வர்றாங்கன்னு பிள்ளைக்கு வயிறு வெடிக்க யாராவது ஊட்டுவாங்களா?" என்றார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதைப் பள்ளியில் தண்டனையாக நூறு முறை எழுதியவன் நான். அன்று ஒரு முறைகூட அது நினைவுக்கு வரவில்லை.

4. மறுநாள் சுடர் ஆளுயரம் எரிந்தது. தாங்கள் மகிழ்ந்து எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தீர்கள். என் வீட்டம்மா அதற்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். நான்காம் நாள் தொட்டி புளித்தது, நுரை பொங்கியது, சுடர் அணைந்தது. நோயாளிகள் பதினாறு நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள்.

5. விசாரணையில், சோப்புத் தண்ணீர் கலந்த கழிவு வந்திருக்கலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். 'இருக்கலாம்' என்றுதானே எழுதினோம் என்று சில நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பதிவேட்டில் எட்டு டிரம் என்றிருந்த தாளையும் கிழித்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆயிற்று. ஒப்பந்தப் பணியாளர் என்பதால் அவரை ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். தொட்டியைக் கெடுத்தவர் என்ற பெயரோடு போனதால் மற்ற நிலையங்களிலும் அவரைச் சேர்ப்பதில்லை.

6. போகும்போது அவர் வாயிலில் நின்று என்னிடம், "கொஞ்ச நாள் பட்டினி போடுங்க அண்ணே. அப்புறம் முதல் தொட்டிக் கசட்ட மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. தேறிடும்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் சொன்னபடியே செய்தேன். பதினேழாம் நாள் விரல் உயரத்துக்குச் சுடர் வந்தது. அதை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

7. வரும் திங்களன்று அவர் இடத்தில் வேறொருவரை அமர்த்தப் போவதாக அறிகிறேன். அதற்கு முன் அவர் மீது குற்றமில்லை என்று எழுத்தில் அறிவித்து, அவரைத் திரும்ப அழைக்குமாறு தங்களைப் பணிவன்புடன் வேண்டுகிறேன். என்னை என்ன செய்வது என்பதை அதற்குப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். நான் எங்கும் போய்விட மாட்டேன்.

8. இன்னொரு சிறு விண்ணப்பம். அவருக்குத் தகவல் சொல்பவரிடம், இரண்டாம் தொட்டி தேறிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள் ஐயா. அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இடம்: இரண்டாம் தொட்டி மேடை
நாள்: 14, வியாழன்

தவறிழைத்த,
(ஒப்பம்)
தொட்டி ஆபரேட்டர்

இணைப்பு:
பதிவேட்டில் நான் கிழித்த தாள்.
பாராட்டுச் சான்றிதழ், சட்டத்துடன்.